டோஸ்டரில் நின்ற வரிசை: ஒரு சாண்ட்விச் கடையின் மதிய நேரம் (நிகழ்வு ஆய்வு)

"பாதி டேபிள் காலியாத்தான் கிடந்தது. அப்படியும் ஒரு சாண்ட்விச் வர 25 நிமிஷம் ஆச்சு."

அக்கம்பக்கத்தார் வந்துபோகும் சின்ன சாண்ட்விச் கடைகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை இது. கடை முதலாளிக்கு இது வீண்பழியாகத் தோன்றும். கூட்டமே இல்லாத நேரத்தில் தாமதம் எங்கிருந்து வரும்? உடனே சப்ளையரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார், இல்லாவிட்டால் கல்லில் நிற்கும் மாஸ்டரை. பெரும்பாலும் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. வாடிக்கையாளர் சொல்வது தனக்கு வலித்த இடத்தை. கோளாறு பிறந்த இடம் அதற்கு இரண்டு மூன்று படி முன்னால் இருக்கும், அதைத் தேடித்தான் போக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிக் கடை. எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. கடை நடத்துகிறவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கவுண்ட்டரில் 8 ஸ்டூல், நாலு பேர் உட்காரும் டேபிள் 6, மொத்தம் 32 இருக்கை. மதியம் வேலையில் ஐந்து பேர்: கல்லில் ஒருவர், சாண்ட்விச் அடுக்கும் மேடையில் ஒருவர், கல்லாவையும் போனையும் பார்சலையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர், சப்ளையர் இருவர். 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள தட்டைக்கல் ஒன்று. நாலு ஸ்லைஸ் போடும் டோஸ்டர் ஒன்று.

புகார்கள் ஐந்து வகை. சாப்பாடு தாமதம். பிரெட் நசநசவென்று ஈரம். சிக்கன் வறண்டுபோயிருக்கிறது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. கடைசியாக, பழைய வாடிக்கையாளர்கள் மட்டுமே சொல்லும் "முன்ன மாதிரி இல்லை". மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்துக்கும் ஐந்து பேர் பொறுப்பு. நேரத்தை வைத்துப் பார்த்தால்தான் படம் மாறுகிறது: முதல் நாலும் ஏறக்குறைய ஒரே வேளையில், 12:40-க்கும் 2:00-க்கும் நடுவில் எடுத்த ஆர்டர்களில் குவிந்திருக்கின்றன.

புகாரில் நேரத்தைத் தேடுவது எப்போதும் முதல் வேலை. நட்சத்திர எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயன் குறைவு. ஒற்றை நட்சத்திரம் கோபத்தில் வருவது, ஐந்து நட்சத்திரம் பாசத்தில் வருவது. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் "சூப் நல்லா இருந்தது, சாண்ட்விச் ஆறிப்போய் வந்தது" என்று பிரித்துச் சொல்லுவார். அதில் கிடைக்கும் நாள், வேளை, உட்கார்ந்து சாப்பிட்டாரா பார்சலா, எந்த உணவு என்ற நாலையும் எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கடைக்குள். ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் நாலு மணிக்குறிப்பு போட வேண்டும்: ஆர்டர் எடுத்தது, சீட்டுக் கம்பியில் மாட்டியது, தட்டு சமையல் பக்கத்திலிருந்து சப்ளையர் எடுக்கும் ஜன்னலுக்கு வந்தது, டேபிளுக்குப் போனது. ஒரு வாரம் மதிய நேரத்துக்கு மட்டும் போதும். அந்த வாரம் எதையும் மாற்றக் கூடாது, யாரையும் திட்டவும் கூடாது. திட்டு விழுகிறது என்று தெரிந்தால் மறுநாளே எல்லாச் சீட்டிலும் அழகான நேரங்கள் வரத் தொடங்கிவிடும்.

இந்தக் கடையில் பெரிய இடைவெளி, சீட்டு மாட்டியதற்கும் தட்டு ஜன்னலுக்கு வந்ததற்கும் நடுவில். அதாவது சமையல் பக்கம். சப்ளையர் தப்பித்தார். இனி மாஸ்டரா? அவர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் விஷயம் தெரியும். வெந்த சிக்கன் துண்டுகளைக் கல்லின் ஓரத்துக்கு, சூடு குறைந்த மூலைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். மேலே போட்ட சீஸ் உருகி வழிந்து, விளிம்பில் எண்ணெய் பிரிந்து, மறுபடி இறுகத் தொடங்குகிறது. அவர் கை சும்மா இருக்கிறது. கண் டோஸ்டர் மேல்.

டோஸ்டர் கணக்கு

நாலு ஸ்லைஸ் போட்டு, பொன்னிறமாக்கி, எடுத்து, அடுத்த நாலைப் போட இரண்டரை நிமிடம். மணிக்கு 24 சுற்று, 96 ஸ்லைஸ். அதற்கு மேல் அந்தப் பெட்டியால் முடியாது.

12:15 முதல் 1:15 வரை வரும் சாண்ட்விச் 65 என்று வைப்போம்: உள்ளே 40, பார்சல் 25. இதில் சாதாரண டோஸ்ட் சாண்ட்விச் 45, ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்லைஸ், ஆக 90. மூன்றடுக்கு கிளப் 8, ஒவ்வொன்றுக்கும் 3, ஆக 24. மீதி 12 டோஸ்ட் தேவையில்லாத ரோல். சூப்புக்கும் முட்டைத் தட்டுக்கும் பக்கத்தில் வைக்கும் டோஸ்ட் 8 தட்டு, அதற்கு 16. கூட்டினால் 130 ஸ்லைஸ். டோஸ்டர் தருவது 96. ஒரு மணி நேர முடிவில் 34 ஸ்லைஸ் பாக்கி. நிமிடத்துக்கு 1.6 ஸ்லைஸ் வீதம் அந்தப் பாக்கியைத் தீர்க்க 21 நிமிடம்.

1:15-க்குப் பிறகு கூட்டம் வடியும். தேவை மணிக்கு 60 ஸ்லைஸாகக் குறைந்தாலும் டோஸ்டரின் உபரித் திறன் மணிக்கு 36 மட்டும். 34 பாக்கி முழுதாகத் தீர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 1:20-க்கு ஒருவர் உள்ளே வருகிறார். பாதி டேபிள் காலி. ஆனால் அவருக்கு முன்னால் இன்னும் 31 ஸ்லைஸ் நிற்கிறது, அதாவது 19 நிமிடம். கல்லுக்கும் அடுக்குவதற்கும் ஆறு நிமிடம் சேர்த்தால் 25. வாடிக்கையாளர் சொன்னது அப்படியே உண்மை. வரிசை நாற்காலிகளில் இல்லை, டோஸ்டருக்குப் பின்னால் நின்றது; அது வாடிக்கையாளர் கண்ணுக்கும் தெரியாது, கல்லாவில் இருப்பவர் கண்ணுக்கும் தெரியாது.

மற்ற புகார்களும் இதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பாக்கி ஏறும்போது அடுக்குபவர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார்: டோஸ்டரின் திருகைக் குறைத்து வைக்கிறார். பிரெட் சூடாகிறது, ஆனால் காயவில்லை; மேற்பரப்பில் மொறுமொறுப்பான படலம் உண்டாகும் முன்பே வெளியே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வெளுத்த பிரெட் தக்காளியின் நீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். சில நாள் எதிர்த்திசையில் போவார்: கூட்டம் வருமுன் நிறைய டோஸ்ட் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார். அடுக்கின் நடுவில் உள்ளவற்றின் ஆவி வெளியேற வழியில்லாமல், மொறுமொறுப்பாக இருந்ததெல்லாம் தோல் மாதிரி இழுக்கும். ஈர பிரெட் புகார் அங்கே. கல் ஓரத்தில் காத்திருந்த சிக்கனுக்கு வறண்ட புகார். கம்பியில் பதினைந்து சீட்டு தொங்கும்போது எழுத்தைச் சரியாகப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. தப்பு ஆர்டரில் ஒரு பங்கு இதனால்.

இன்னொரு டோஸ்டர் வாங்கிவிடலாமே என்று தோன்றும். வாங்கலாம். அதற்கு முன் மின்சுற்றைப் பார்க்க வேண்டும். டோஸ்டரும் காபி இயந்திரமும் ஒரே சுற்றில் இருந்தால் இரண்டாவது டோஸ்டரைச் செருகியதும் பிரேக்கர் விழும்; கூட்ட நேரத்தில்தான் விழும், ஏனென்றால் அப்போதுதான் எல்லாம் ஒன்றாக ஓடும்.

இந்தக் கடைக்குச் சரியான வழி கல்லிலேயே இருக்கிறது. கல்லின் முன் ஓரத்தில் 15 செ.மீ. அகலப் பட்டையை பிரெட்டுக்கென்று ஒதுக்க வேண்டும். 12 செ.மீ. அகல ஸ்லைஸ் இடைவெளி விட்டு ஆறு அடங்கும். உள்பக்கமாகப் போகும் முகத்தில் மட்டும் விளிம்பு வரை வெண்ணெய் தடவி அந்த முகத்தைக் கல்லில் வைத்தால் மூன்று நிமிடம். மணிக்கு 120 ஸ்லைஸ். டோஸ்டருடன் சேர்த்து 216, தேவை 130. அந்தப் பட்டை 160 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். இறைச்சி வேகும் 190-இல் வைத்தால் வெண்ணெயின் பால் கசடு கருகிக் கசக்கும், பிரெட்டின் நடுவோ குளிர்ந்தே இருக்கும். பர்னருக்குத் தனித்தனிக் குமிழ் உள்ள கல்லில் இது எளிது. ஒரே குமிழ் உள்ள கல்லாக இருந்தால் சூடு குறைந்த ஓரம் எது என்று பரப்பு வெப்பமானியால் அளந்து அங்கே வைக்கலாம்.

இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. உள்முகம் மட்டும் வறுபட்டு, அதன் மேல் கொழுப்புப் படலமும் இருப்பதால் ஈரம் உள்ளே இறங்கத் தாமதமாகும். வெளிமுகம் மென்மையாக இருப்பதால் மேலண்ணத்தைக் கிழிக்காது. இரண்டு பக்கமும் முறுகலாக வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் டோஸ்டர்.

அடுக்கும் முறையையும் அதோடு திருத்திவிட வேண்டும். கொழுப்பு (வெண்ணெய் அல்லது மயோனைஸ்) இரண்டு ஸ்லைஸின் மூலை வரைக்கும். அதன் மேல் சீஸ் அல்லது இறைச்சி. தக்காளி ஒருபோதும் பிரெட்டைத் தொடக் கூடாது; தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். உப்பை முன்கூட்டியே தூவி வைத்தால் அந்தத் தண்ணீர் தட்டில் இறங்கும். காகிதத் துண்டில் ஒற்றி எடுத்துப் போடுவதென்றால் அது நல்லதே, ஒற்ற நேரமில்லை என்றால் உப்பை அடுக்கும்போது தூவினால் போதும். லெட்யூஸைக் கழுவிய பின் சுழற்றி உலர்த்தாமல் போடுகிற கடையில் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை. பிரெட்டைக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கமும் விட வேண்டியது: உறையாத குளிரில்தான் பிரெட் வேகமாக விறைத்துப் பழசாகிறது. இரண்டு நாளுக்குள் தீரும் என்றால் வெளியே, இல்லையென்றால் உறைய வைக்கும் பெட்டிக்குள்.

அடைப்பு இடம் மாறும்

டோஸ்டர் தீர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினால் அடுத்த வாரமே ஏமாற்றம். பிரெட் தாராளமாக வரத் தொடங்கியதும் அடைப்பு அடுக்கும் மேடைக்கு நகரும். ஒரு சாண்ட்விச்சை அடுக்கி, குச்சி குத்தி, வெட்டி, தட்டில் வைக்க அல்லது சுற்ற சராசரி 50 விநாடி என்றால் 65 சாண்ட்விச்சுக்கு 54 நிமிடம். மணிக்கு 60 நிமிடம் இருக்கிறதே, போதாதா? போதாது. வேலை ஒரே சீராக வருவதில்லை; மூன்று சீட்டு சேர்ந்து வரும், பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமிருக்காது. ஒற்றை ஆள் வரிசைக்கான எளிய சூத்திரப்படி 90 சதவீத நேரம் வேலையில் இருப்பவரின் முன்னால் ஒரு சீட்டு சராசரியாக வேலை நேரத்தைப் போல் 9 மடங்கு காத்திருக்கும்: இங்கே ஏழரை நிமிடம். நிஜக் கடையில் வேலை நேரம் அவ்வளவு ஏறி இறங்காது என்பதால் எண் சற்றுக் குறையும், போக்கு மாறாது.

வெட்டுவதையும் சுற்றுவதையும் ஜன்னல் பக்கம் நிற்கும் இன்னொருவரிடம் கொடுத்து 50 விநாடியை 40 ஆக்கினால், வேலைச் சுமை 72 சதவீதம். அதே சூத்திரத்தில் காத்திருப்பு 104 விநாடி. ஒரு சாண்ட்விச்சுக்கு 10 விநாடி குறைத்ததற்கு இவ்வளவு வித்தியாசம். அதனால்தான், "இன்னும் கொஞ்சம் வேகமா கையை ஆட்டு" என்று ஆளை விரட்டுவதைவிட, உச்ச நேர ஒரு மணிக்குப் பகுதிநேர ஆள் ஒருவரை நிறுத்துவது கணக்குப்படி சரி.

பார்சல் என்னும் இரண்டாவது வாசல்

சிறு கடைகளில் பலரும் பார்க்கத் தவறும் விஷயம் இது. உள்ளே 32 இருக்கைதான் என்பதால் உள்ளே வரும் ஆர்டருக்கு இயல்பாகவே ஒரு வரம்பு உண்டு. போனுக்கும் ஆன்லைன் ஆர்டருக்கும் அந்த வரம்பு இல்லை. 12 மணிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒன்பது சாண்ட்விச் ஒரே சீட்டில் வந்து மாட்டினால், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தனி ஆளின் சூப் சாண்ட்விச்சுக்குப் பத்து நிமிடம் கூடும். கவுண்ட்டர் ஸ்டூலில் இருப்பவர் தன் கண்ணெதிரே, தனக்குப் பின்னால் வந்த டெலிவரி ஆள் பையை வாங்கிக்கொண்டு போவதைப் பார்ப்பார். நேரம் அதே பத்து நிமிடம்தான் என்றாலும், முறை தவறிவிட்டது என்ற உணர்வு அதை இருபதாக்கிவிடும். "பணியாளர்கள் மரியாதை இல்லாமல் நடக்கிறார்கள்" என்ற புகாரைத் தோண்டினால் இதுதான் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

செய்ய வேண்டியது வரம்பு வைப்பது. கால் மணிக்கு 5 பார்சல் சாண்ட்விச் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, கட்டம் நிரம்பினால் அடுத்த கட்டத்து நேரத்தைச் சொல்ல வேண்டும். "இருபது நிமிஷத்தில் ரெடி" என்று சொல்லாமல் "12:55-க்கு வாங்க" என்று கடிகார நேரமாகச் சொல்ல வேண்டும். இருபது நிமிடம் எப்போது தொடங்கியது என்ற சண்டை அதோடு போகும். ஆறுக்கு மேற்பட்ட குழு ஆர்டரை 11:15-க்குள் வாங்கிக்கொண்டால், டோஸ்ட் இல்லாதவற்றைக் கூட்டம் வருமுன்னே முடித்துக் குளிரில் வைக்கலாம். பார்சல் வாங்க வருகிறவர்களுக்கு கவுண்ட்டருக்கு எதிர்ப்பக்கம் ஓர் அலமாரி. வாசலை மறித்துக்கொண்டு நாலு பேர் நின்றால், உட்காரலாம் என்று வந்த குடும்பம் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே திரும்பிப் போகும். அந்தப் புகார் எங்கும் பதிவாகாது.

பார்சலில் ஈரம் வேறு வழியில் வரும். சுடச்சுட இருக்கும் சாண்ட்விச்சை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகும். வெட்டிய பின் கம்பித் தட்டின் மேல் 45 விநாடி ஆற விட்டு, எண்ணெய் ஊறாத காகிதத்தில் சுற்ற வேண்டும். மூடிய பெட்டி என்றால் காற்றுத் துளை உள்ளதாக இருக்க வேண்டும். ஊறுகாய் வெள்ளரியும் சாஸும் தனிக் கிண்ணத்தில். உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதப் பையில் போட்டு வாயை மடிக்காமல் விட வேண்டும். அப்படியும் அது பத்து நிமிடத்துக்கு மேல் மொறுமொறுப்பாக நிற்காது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை. சூடான பொருளும் சாலடும் ஒரே பையில் போகக் கூடாது.

சீட்டு

தப்பு ஆர்டர்களில் பார்சலின் பங்கே எப்போதும் கனமாகத் தெரியும், காரணம் எளிது: உள்ளே தப்பு நடந்தால் அங்கேயே திருத்தலாம், பார்சலில் வீட்டுக்குப் போய்ப் பிரித்த பிறகுதான் தெரியும். சீட்டில் எழுதும் வரிசையும் அடுக்கும் வரிசையும் ஒன்றாக இருந்தால் பாதித் தப்பு குறையும்: பிரெட், இறைச்சி, சீஸ், காய், சாஸ், வெட்டு. "வெங்காயம் வேண்டாம்" என்பது கடைசியில் பொடி எழுத்தில் வந்தால், அதைப் படிக்கும் நேரத்தில் வெங்காயம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். காய் வரியிலேயே எழுதி வட்டமிட வேண்டும். போனில் எடுத்த ஆர்டரை முழுவதும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும்; 15 விநாடி செலவு. கொடுக்கும்போது பையைத் திறந்து சீட்டோடு ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்ப்பது, சுற்றியவர் அல்லாத வேறொருவர் வேலை. தான் செய்த தப்பு தன் கண்ணுக்குப் படாது.

உள்ளே, இருக்கைகளுக்கு எண் கொடுப்பது நல்ல பழக்கம். ஒவ்வொரு டேபிளிலும் வாசலுக்கு அருகில் உள்ள நாற்காலி 1, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3, 4. சீட்டில் உணவுக்குப் பக்கத்தில் அந்த எண். அப்படியானால் எந்தச் சப்ளையர் எடுத்துப் போனாலும் "டூனா யாருக்கு?" என்று ஏலம் விட வேண்டியதில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் பேசிக்கொண்டிருக்கும் டேபிளை நிறுத்திக் கேள்வி கேட்பதும் கேட்காமலே சரியான ஆள் முன் தட்டு வைப்பதும் இரண்டு வேறு கடைகள் போல் இருக்கும்.

ஒவ்வாமை இதோடு சேராது. அது புகார் வகையில்லை, விபத்து வகை. எள், கோதுமை, முட்டை, பால், கொட்டைகள் எந்தெந்த உணவில் உண்டு என்ற பட்டியல் கல்லாவில் எழுத்தில் இருக்க வேண்டும். நினைவிலிருந்து பதில் சொல்லக் கூடாது. பன்னின் மேல் தூவிய எள்ளை யாரும் ஒரு பொருளாகவே எண்ணுவதில்லை. குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாதது என்று சொல்ல, கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் வைக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். எல்லா பிரெட்டும் போகும் டோஸ்டரின் துகள்களோடு அதைக் காப்பது நடக்காத காரியம். தனி டோஸ்டர், தனிப் பலகை, தனிக் கத்தி இல்லாத கடை "எங்களால் உறுதி தர முடியாது" என்று சொல்லிவிட வேண்டும்.

"முன்ன மாதிரி இல்லை"

இந்த ஐந்தாவது புகாருக்கு டோஸ்டர் பொறுப்பில்லை. பழைய வாடிக்கையாளருக்கு அளவு கையில் தெரியும். 110 கிராம் இறைச்சி என்று கடை நினைத்துக்கொண்டிருக்கும். தராசு இல்லாமல் போட்டால் ஒருவர் கையில் 85, இன்னொருவர் கையில் 140 ஆகும். 140 கிடைத்த நாளைத்தான் வாடிக்கையாளர் "முன்பு" என்று நினைவில் வைத்திருப்பார். காலையிலேயே நிறுத்து, ஒரு பங்குக்கு ஒரு காகிதம் வைத்து அடுக்கிவிட்டால் இது முடிந்தது. கூட்ட நேரத்தில் தராசைத் தேடவும் வேண்டாம்.

எடை சரியாக இருந்தும் குறைந்ததாகத் தெரிவதுண்டு. அப்போது வெட்டும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். மெல்லியதாக வெட்டி, மடித்து, காற்றோடு குவித்துப் போட்ட 110 கிராம் கண்ணுக்கும் நிறைவாக இருக்கும், பல்லுக்கும் எளிது. அதே எடையைத் தடித்த இரண்டு துண்டாகப் போட்டால் ஒரு கடியில் முழுத் துண்டும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். கத்தி மழுங்கினால் மெல்லியதாக வெட்ட வராது, கிழியும். அதனால் பணியாளர் தடிமன் குமிழை மெல்ல ஏற்றிவிடுவார். யாரும் முடிவு செய்யாமலே கடையின் சாண்ட்விச் மாறிப்போவது இப்படித்தான். அறை வெப்பத்தில் ஓடும் அந்த இயந்திரத்தை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். குளிர்ந்த இறைச்சியில் லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி வளர இடம் அது.

காலை நேரக் குறைகள் சுருக்கமானவை. காபி கசப்பு: வடித்த குடுவை சூட்டுத் தட்டின் மேல் அரை மணிக்கு மேல் நின்றால் கசக்கும், வெப்பம் காக்கும் குடுவைக்கு மாற்றினால் போதும். டோஸ்ட் ஆறிப்போவது: உருளைக்கிழங்கு முதலில், முட்டை கடைசி மூன்று நிமிடத்தில், டோஸ்ட் முட்டையோடு. ஜன்னலில் முட்டைத் தட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சூட்டு விளக்கின் கீழ் வைத்தால் மஞ்சள் கரு மேலே தோல் கட்டும்.

எதை முதலில் தொடக் கூடாது

டேபிளைச் சீக்கிரம் காலி செய்ய வைப்பது முதலாளிக்குப் பிடித்த யோசனை. 32 இருக்கை, ஆள் ஒன்றுக்குச் சராசரி 48 நிமிடம் என்றால் மணிக்கு 40 பேர். 1961-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும்: உள்ளே இருக்கும் ஆள் எண்ணிக்கை, வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம். பில்லைச் சாப்பாட்டோடு வைத்து, பணம் வாங்கும் காத்திருப்பை 8 நிமிடம் குறைத்தால் 40 நிமிடத்துக்கு மணிக்கு 48 பேர். வாசலில் காத்திருப்பவருக்கும் நல்லது, அவசரமாகப் போக வேண்டியவருக்கும் நல்லது. ஆனால் டோஸ்டரைத் திருத்துமுன் இதைச் செய்தால், ஏற்கெனவே 34 ஸ்லைஸ் பாக்கி உள்ள வரிசைக்கு இன்னும் எட்டு பேரை அனுப்புகிறோம். புகார் கூடும், பழி மறுபடி மாஸ்டர் மேல் விழும். எனவே வரிசை இதுதான்: அளவெடுப்பு, பிரெட், அடுக்கும் மேடை, பார்சல் கட்டம், சீட்டு, கடைசியில் பில்.

திருத்தம் நடக்கும் வாரங்களிலும் தப்பு வரும். தட்டில் தப்பு என்று ஒருவர் சொன்னால் அது எப்படி நடந்தது என்ற விளக்கம் அவருக்கு வேண்டாம். வேண்டியது மூன்று: சரியானது வரும், இத்தனை நிமிடத்தில் வரும், அதுவரை பசியோடு இருக்க வேண்டாம். மறுபடி செய்யும் சீட்டு கம்பியின் முதல் இடத்தில் மாட்ட வேண்டும்; மாஸ்டருக்கு அது கண்ணில் படச் சிவப்புச் சீட்டு. கூட இருப்பவர்கள் சாப்பிட்டு முடித்த பின் வரும் சரியான சாண்ட்விச்சால் பெரிய பயனில்லை, அதனால் இடையில் ஒரு கிண்ணம் சூப் வைப்பது நல்லது. பில்லில் கழிவு கொடுப்பதானால் பில் வருமுன்பே சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகு கொடுத்தால் சண்டை போட்டு வாங்கியதாகத்தான் நினைவிருக்கும்.

அன்றைய தப்புகளை எழுதும் நோட்டில் நேரம், உணவு, உள்ளேயா பார்சலா, எந்த இடத்தில் பிறந்தது என்ற நாலு கட்டம் மட்டும் போதும். ஆள் பெயருக்குக் கட்டம் வைக்க வேண்டாம். பெயர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நோட்டு காலியாக இருக்கும்.

ஆன்லைனில் வந்த குறைக்குப் பதில் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது: நடந்தது தவறு, காரணம் இந்த இடத்தில் இருந்தது, இதை மாற்றியிருக்கிறோம். பொதுவில் இலவசச் சாப்பாடு என்று எழுதினால் அடுத்தடுத்து அதே குறை வரும். அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். மாற்றாமலே "கவனத்தில் கொள்கிறோம்" என்று எழுதுவதைவிட, மாற்றிய பிறகு ஒரு வாரம் தாமதமாகப் பதில் எழுதுவது மேல். 1:20-க்கு வந்து 25 நிமிடம் காத்திருந்தவருக்கு எழுத வேண்டியதும் அவ்வளவுதான்: மதியக் கூட்டத்தில் பிரெட் வறுப்பது பின்தங்கி, கூட்டம் போன பிறகும் அந்தத் தாமதம் தொடர்ந்தது, இப்போது கல்லிலும் பிரெட் வறுக்கிறோம், அடுத்த முறை அதே நேரத்துக்கே வந்து பாருங்கள்.